ஐந்தாம் படி

சிகாமணி தொலைந்துபோனது கொத்தமல்லி வாங்கப் போன இடத்தில்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடை அதே தெருவின் முனையில்தான் இருக்கிறது. ரசம் பொங்கி அடங்கியும் போன மனிதர் வரவில்லை. மனைவி அம்சவேணி போன் போட்டாள். அது டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தபடியே அலறியது. பக்கத்திலேயே அவருடைய இயர்போன். எவனாவது பழைய சிநேகிதன் அகப்பட்டிருப்பான், நின்று அரசியல் பேசிக்கொண்டிருப்பார் என்று முணுமுணுத்தபடி, நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

கடையையும் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நின்றிருந்தார். கையில் கொத்தமல்லிக் கட்டு வாடித் தொங்கியது. தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். எந்தப் பக்கமும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை.

"ஏனுங்க, இங்க நின்னு என்ன பண்றீங்க? ரசத்துக்குக் கேட்டனா, ராத்திரிச் சோத்துக்குக் கேட்டனா?"

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வண்டியில் ஏறுகிற ஆட்களைப் பார்த்துச் சிரிக்கிற அதே மரியாதைச் சிரிப்பு. "வாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "வீடு எந்தப் பக்கமுங்க?"

வழியெல்லாம் அவள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். கேலி பண்ணுகிறார் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தாள். பாதி வழியில் அது கேலி இல்லை என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பயத்தில் திட்டினாள்.

பயம் வராதா? சிகாமணிக்கு வழி தெரியவில்லை என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். 'கைகாட்டி' டாக்ஸி கம்பெனியின் மஞ்சள் கார் ஓட்டுகிறவர் அவர். கோயமுத்தூரில் அவர் நுழையாத சந்து கிடையாது. முந்தின நாள்கூட ஊட்டிக்கு ஒரு குடும்பத்தை ஏற்றிப்போய்ப் பத்திரமாக இறக்கிவிட்டு வந்தார். சிறந்த ஓட்டுநர் என்று கம்பெனி கொடுத்த இரண்டு கேடயங்கள் டிவிக்கு மேலே நிற்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டுகிற மனிதர் தன் தெருவில் எப்படித் தொலைவார்?

நரம்பியல் டாக்டர் நூர்ஜஹானும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார்.

போன், இயர்போன் எல்லாவற்றையும் வெளியே நர்ஸிடம் வாங்கி வைத்துக்கொண்டுதான் சோதனை செய்தார்கள். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார்கள். சிகாமணி வட்டம் போட்டு, எல்லா எண்களையும் ஒரே பக்கத்தில் திணித்து வைத்தார். மகள் பேரைக் கேட்டதற்கு, "அது வந்துங்க, ஓசூர்ல வேலை பாக்குது" என்றார். பேர் வரவில்லை. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அம்சவேணியைப் பார்த்தார்.

"இது இப்ப ஆரம்பிச்சது இல்லம்மா. மூணு வருஷமாவது ஆகியிருக்கும். வீட்ல இருக்கற நீங்க எப்படிக் கவனிக்காம விட்டீங்க?"

"நல்லாத்தானுங்க இருந்தாரு. பேசுவாரு, பதில் சொல்லுவாரு. இப்பக்கூட அவருதான் வண்டி ஓட்டிட்டு வந்தாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "யாரு ஓட்டினது?"

"அவருதானுங்க. அவிநாசி ரோட்டுல."

டாக்டர் மெதுவாகச் சொன்னார். இந்த மறதிக்கு இப்போது ஊசி வந்திருக்கிறது. ஆரம்பத்திலேயே போட்டால் நோயை அங்கேயே கட்டிப்போட்டு வருஷக்கணக்கில் தள்ளிவிடலாம். இவருக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இனி ஒருநாள் ஆள் தெரியும், ஒருநாள் தெரியாது. தெரியாத நாட்கள் கூடிக்கொண்டே போகும். "முதல் காரியம், இன்னைக்கே வண்டிய நிறுத்துங்க" என்றார்.

வெளியே வந்தபோது சிகாமணி இயர்போனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருந்தார். சாவி கையில் சுழன்றது. "போலாமா வேணி?" என்றார். டாக்டர் அறைக்குள் பார்த்த ஆளே இல்லை. வண்டியை எடுக்காதீர்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பம்ப் மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற பட்டறையில் வேலை. வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருகிறவள்.

அவர் ஓட்டியதில் ஒரு குறையும் இல்லை. லேன் மாறுவதற்கு முன் இண்டிகேட்டர். பஸ்ஸுக்கு இடம். பள்ளத்தில் வேகம் குறைந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏனுங்க, நம்ம பொண்ணு பேரென்ன?"

ஒரு மூச்சு விடுகிற நேரம். அவ்வளவுதான். "தர்ஷினி. இதென்ன கேள்வி வேணி?"

அந்த ஒரு மூச்சு நேரத்தை அவள் இதற்கு முன்பும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். நிதானமான மனுஷன், யோசித்துப் பேசுகிறார் என்றே நினைத்திருந்தாள். லட்சுமி மில் சிக்னலில் வண்டி நின்றது. கை நீட்டி அவர் காதிலிருந்த இயர்போனைச் சடக்கென்று பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

ஒரு பெண் குரல். சொந்த ஊர்க்காரி மாதிரி, தங்கச்சி மாதிரி, அவ்வளவு வாஞ்சையாகப் பேசியது.

"சிகாமணி அண்ணா, இன்னும் சிக்னல் விழுகல, பிரேக்லயே கால் இருக்கட்டும். பக்கத்துல உக்காந்திருக்கறது உங்க சம்சாரம், அம்சவேணி. வேணின்னு கூப்புடுவீங்க. அழுதிருக்காங்க அண்ணா. 'ஒண்ணும் ஆகாது வேணி'ன்னு சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு மேலே பொட்டு மாதிரி ஒரு கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

சிக்னல் விழுந்தது. வண்டி நகரவில்லை. சிகாமணியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன. கண்கள் அலைந்தன. "இப்ப... இப்ப என்னங்க பண்ணணும்?" என்றார். பின்னால் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு பாய்ந்தன. கால் எதையோ மிதித்து, வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

அம்சவேணி இயர்போனை எடுத்துத் தன் கையாலேயே அவர் காதில் திரும்பச் செருகினாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்த நடுரோட்டில் அதைக் கம்பெனிக்காரர்கள் தன்னைக்கொண்டே செய்ய வைத்தார்கள் என்பதை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

சிகாமணியின் முதுகு நிமிர்ந்தது. வண்டி சீராகக் கிளம்பியது. சிறிது தூரம் போனதும், முன்னால் பார்த்தபடியே பரிவாகச் சொன்னார்:

"ஒண்ணும் ஆகாது வேணி."

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு அவள் சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருஷம். இவர் எந்த நேரமும் காதில் அதை மாட்டிக்கொண்டுதான் இருந்தார். டிரிப் எப்போது வரும் என்று தெரியாது, கழற்றினால் ரேட்டிங் குறையும் என்பார். சாப்பிடும்போதும் அது காதில். அவள் பேசும்போதும் அது காதில். அந்த மூன்று வருஷமும் இந்த வீட்டில் பேசியது யார்?

தர்ஷினியை ஓசூரில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டு வந்த நாள் ஞாபகம் வந்தது. திரும்பி வரும்போது கார் முழுக்க வெறுமையாக இருந்தது. அவள் அழுதுகொண்டு வந்தாள். இவர் சொன்னார்: "பொண்ணு போனா என்ன வேணி, உனக்கு நான் இருக்கறேன்ல." கட்டிக்கொண்ட நாளிலிருந்து அப்படி ஒரு வார்த்தை பேசாத மனிதர். அதை அவள் பட்டறையில் ஒருத்தி விடாமல் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறாள். ஒரு வருஷம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டே காயில் சுற்றியிருக்கிறாள்.

அது அவர் சொன்னதா, அந்தக் குரல் சொல்லிக்கொடுத்ததா?

அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எழுந்துபோய்த் தர்ஷினிக்குப் போன் போட்டாள்.

செய்தி கேட்டு ஓசூரிலிருந்து வந்திறங்கிய தர்ஷினி அப்பாவின் போனைக் குடைந்து பார்த்தாள். கம்பெனி ஆப்பில் 'துணை' என்று ஒரு செட்டிங் இருந்தது. அதற்குக் கீழே: படி ஐந்து. மாற்றுகிற பொத்தான் இல்லை. அடுத்த நாள் தாயும் மகளுமாகக் கைகாட்டி அலுவலகத்துக்குப் போனார்கள்.

சிங்காநல்லூரில் கம்பெனியின் டிப்போவுக்கு மேல்மாடியில் அலுவலகம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கீழே மஞ்சள் கார்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டு நிற்கும். ஓட்டுநர்களின் குறைகளைக் கேட்கிற அதிகாரி அபிநவ் என்கிற இளைஞன். எழுந்து நின்று கும்பிட்டான், தண்ணீர் கொடுத்தான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

"துணைங்கறது எங்களோட பெருமை மேடம். கண்ணு மங்கினவங்க, காது கேக்காதவங்க, மறதி இருக்கறவங்க, யாரா இருந்தாலும் வண்டி ஓட்டிப் பொழைக்கணும்னு செஞ்சது. படி ஒண்ணுன்னா வழி மட்டும் சொல்லும். ரெண்டுல சிக்னல், லேன் எல்லாம் சொல்லும். மூணுல இன்னைக்கு என்ன கிழமை, யாரு வண்டியில இருக்காங்க. நாலுல பயணி கேட்டா என்ன பதில் சொல்றது. அஞ்சு..."

"அஞ்சு?" என்றாள் தர்ஷினி.

"முழுத் துணை."

"எங்கப்பாவ யாரு அஞ்சுக்கு ஏத்தினது?"

"யாரும் இல்லீங்க. சிஸ்டமே ஏத்திக்கும். தெரிஞ்ச திருப்பத்துல டிரைவர் எவ்வளவு தயங்குறாரு, சொன்னதையே எத்தனை தடவை சொல்றாருன்னு பாத்துட்டே இருக்கும்."

"எப்ப ஆரம்பிச்சது?"

திரையைப் பார்த்தான். "மூணு வருஷம் முன்னாடி."

அம்சவேணி குறுக்கே வந்தாள். "அப்ப மூணு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"எங்களுக்குன்னு இல்ல... சிஸ்டத்துக்கு."

"கட்டின எனக்குத் தெரியல. பெத்த பொண்ணுக்குத் தெரியல. அந்த மனுஷனுக்கே தெரியல. உங்க மிஷினுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்போம். டாக்டரம்மா சொன்னாங்க, அப்ப போட்டிருந்தா நின்னிருக்குமாம்."

"உடம்பு விஷயத்த நாங்க வெளிய சொல்லக்கூடாது மேடம். அது அவரோட ரகசியம்."

"அவரு ரகசியத்த அவருகிட்ட இருந்தே மறைச்சு வெக்கறதுக்கு நீ யாருடா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அபிநவின் முகம் சிவந்தது. ஆனாலும் அவன் கெட்டவன் மாதிரி பேசவில்லை. "எங்க அப்பாவுக்கும் இதே நோய்தான் மேடம். கடைசி நாலு வருஷம் நாற்காலியில உக்காந்து செவுத்தையே பாத்துட்டு இருந்தாரு. உங்க வீட்டுக்காரரு இன்னைக்கும் சட்டை இஸ்திரி போட்டுட்டு வேலைக்குப் போறாரு. நாலு பேரு நன்றி சொல்றாங்க. அத நான் பறிக்கணுமா?"

அந்தக் கேள்வி அவளைக் கொஞ்சம் அடித்துத்தான் போட்டது. தர்ஷினி விடவில்லை.

"அதெல்லாம் சரி சார். அஞ்சாம் படி டிரைவருங்களுக்குத்தான் டிரிப் ஜாஸ்தி விழுகுது. அப்பா போன்ல பாத்தேன், இந்த மூணு வருஷத்துல டிரிப் ரெண்டு மடங்கு. ஏன்?"

"ரேட்டிங் நல்லா இருக்கும். அதான்."

"சொன்ன ரூட்ட மாத்த மாட்டாங்க. டிரிப்ப வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. நேத்து எத்தன மணி நேரம் ஓட்டினோம்னு ஞாபகமே இருக்காது. சங்கத்துல சேர மாட்டாங்க. அப்படித்தானே?"

அபிநவ் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான். வேலையை விடுவதென்றால் ஓட்டுநர் தன் வாயால் சொல்லவேண்டும், அதுதான் விதி என்றான். அங்கேயே சிகாமணிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"அண்ணா, உங்களுக்கு வேலையிலிருந்து நின்னுக்கணும்னு இருக்கா?"

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

"இல்லீங்க சார். வண்டி ஓட்டறதுதான் எனக்கு மகிழ்ச்சி" என்றது சிகாமணியின் குரல்.

அபிநவ் கைகளை விரித்துக் காட்டினான்.

"மகிழ்ச்சியா?" அம்சவேணி எழுந்துவிட்டாள். "அந்த வார்த்த அவரு வாயில வந்ததே கிடையாது. பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில வந்து பாத்துட்டு 'பரவால்ல'ன்னு சொன்ன மனுஷன் அவரு. நீங்க சொல்லிக் குடுத்து, நீங்களே கேட்டுக்கறீங்களா? எம் புருஷன் நாக்குல உங்களுக்கு என்ன வேலை?"

எழுத்தில் ஒரு புகார் கொடுத்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்குள் தங்கள் பேச்சில் அந்தக் குரல் தலையிடக் கூடாது என்று தர்ஷினி அதில் அழுத்தி எழுதினாள். பரிசீலிக்கிறோம் என்று உடனே பதில் வந்தது. லீவு முடிந்து தர்ஷினி ஓசூருக்குத் திரும்பினாள்.

அம்சவேணி கார் சாவியை அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். இயர்போனைத் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பக்கத்து வீட்டு மல்லிகாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். சிகாமணி பகல் முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சில சமயம் அவளை வேணி என்றார். சில சமயம் 'ஏம்மா' என்றார். ஒருநாள் கேடயங்களைக் காட்டி, "இவரு யாருங்க, நல்ல டிரைவரா?" என்று கேட்டார். அவள் அபிநவ் சொன்ன நாற்காலியை நினைத்துக்கொண்டாள். நினைத்துவிட்டு, அப்படியும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். நாற்காலியோ செவுரோ, இருக்கிற ஆள் அவராகவாவது இருக்கட்டும்.

இரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் மல்லிகாவின் போன் வந்தது.

"அக்கா, அண்ணன் வீட்டுல இல்ல. கூரியர்ல என்னமோ வந்துச்சு, நான்தான் வாங்கி அண்ணன் கையில குடுத்தேன். துணி எடுக்க மாடிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள காணோம்."

"என்ன கூரியரு?"

"சின்ன மஞ்சள் டப்பாக்கா. காதுல மாட்டற மாதிரி இருந்துச்சு."

அம்சவேணி பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். கை கழுவவில்லை. தெருத் தெருவாகத் தேடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எங்கே போயிருப்பார் என்று தெரிந்துபோயிற்று. ஆட்டோ பிடித்து நேரே டிப்போவுக்குப் போகச் சொன்னாள். கொத்தமல்லி வாங்கிக்கொண்டு வீடு திரும்பத் தெரியாத மனிதரை அந்தக் குரல் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துப் போயிருக்கிறது. சாவி இல்லையா, பரவாயில்லை அண்ணா, நடந்தே வாங்க, இங்கே வேறு வண்டி இருக்கிறது என்று சொல்லியிருக்கும். லாரிகளுக்கு நடுவில், திருச்சி ரோட்டைத் தாண்டி, வெயிலில். ஆட்டோக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். தான் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியவில்லை.

டிப்போ வாசலில் ஒரு மஞ்சள் கார் வெளியே வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் சிகாமணி. தலை வாரி, சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காதில் புது இயர்போன்.

அவள் ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்று பானட்டில் இரண்டு கைகளையும் ஊன்றினாள். வண்டி நின்றது.

"ஏனுங்க! எறங்குங்க! நாந்தான்!"

சிகாமணி அவளைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம். அவள் காத்திருந்தாள். இப்போது அது சொல்லும். முன்னால் நிற்பது உங்கள் சம்சாரம், வேணி என்று சொல்லும். ஆயுசுக்கும் வெறுத்த அந்தக் குரல் அந்த ஒரு தடவை பேசவேண்டும் என்று அவள் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அவர் கண்ணாடியை இறக்கினார். "ஏம்மா, டிரிப்புக்கு நேரமாச்சுங்க. கொஞ்சம் ஓரமா நின்னுக்கங்க" என்றார், மிகவும் மரியாதையாக.

சத்தம் கேட்டு அபிநவ் மாடியிலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

"உங்க மிஷின் எதுக்கு இன்னைக்கு எம் பேரச் சொல்லல?" அவள் அவனைப் பார்த்துக் கத்தினாள். "மூணு வருஷமா சொல்லிக் குடுத்துச்சே. இன்னைக்கு வாயில என்ன வெச்சிருக்குது?"

அபிநவுக்கு மூச்சு வாங்கியது. "மேடம், நீங்கதான் புகார் குடுத்தீங்க. குடும்ப விஷயத்துல தலையிடக் கூடாதுன்னு. அத ஏத்துக்கிட்டோம். போன வாரத்திலிருந்து அது வீட்டு ஆளுங்களப் பத்தி ஒண்ணும் பேசாது."

"அதையும் எனக்கு ஒரு வார்த்த சொல்லல."

"பதில் அனுப்பியிருப்பாங்களே..."

"வண்டி ஓட்ட வான்னு கூப்புடறது தலையிடறது இல்ல. பொண்டாட்டி நிக்கறான்னு சொல்றது தலையிடறது. நல்லா இருக்குதுடா உங்க நியாயம்!"

கார்க் கதவைத் திறந்தாள். சிகாமணியின் காதிலிருந்ததைப் பிடுங்கித் தரையில் போட்டுச் செருப்புக்காலால் மிதித்தாள். ஒரு மிதியில் அது உடையவில்லை. உடைகிறவரை மிதித்தாள். காவலாளி ஒருவன் அவள் தோளில் கை வைக்க வந்து, முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினான்.

அதற்குள் ஓட்டுநர்கள் கூடிவிட்டார்கள். டீ கிளாஸோடு சிலர், சார்ஜ் ஒயரைக் கையில் பிடித்தபடி சிலர். எல்லார் காதிலும் பொட்டு மாதிரி அதே மஞ்சள் இயர்போன். ஒருத்தன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளைத் திரும்ப வைத்தது.

"சிரிக்கறியா? கழட்டு. காதுல இருக்கறதக் கழட்டிட்டு உம் பொண்டாட்டி பேரச் சொல்லு. அப்பறம் சிரி."

அவன் சிரித்துக்கொண்டே கழற்றினான். "சரண்யா" என்றான். "பெரிய பையன் நித்திலன், சின்னவ இனியா. போதுமாக்கா?" சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வேடிக்கையாகிவிட்டது. இன்னொருவன் கழற்றினான், பேர் சொன்னான். அடுத்தவன் சொன்னான். அம்சவேணி தோற்றுப்போனவள் மாதிரி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நீலச் சட்டை போட்ட ஒருவன் வரிசையில் இருந்தான். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அவனும் சிரித்துக்கொண்டேதான் கழற்றினான். வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. சிரிப்பு மட்டும் முகத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. "டேய், சொல்றா" என்று பக்கத்தில் இருந்தவன் முதுகில் தட்டினான். அவன் கை, அவன் கேட்காமலே, இயர்போனை மறுபடி காதுக்குக் கொண்டுபோனது.

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராகத் தங்கள் காதிலிருந்ததைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அபிநவ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் பையன் எத்தனாம் படி?" என்று அம்சவேணி அவனிடம் கேட்டாள்.

அபிநவ் குனிந்து, உடைந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

அன்று சாயந்திரம்வரை டிப்போவிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போகவில்லை. கோயமுத்தூரில் ஏர்போர்ட்டுக்குப் போகவேண்டியவர்கள் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். பிறகு பேச்சுவார்த்தை, கமிட்டி, பத்திரிகையில் செய்தி எல்லாம் வந்தன. ஓட்டுநர்கள் தங்கள் படி எத்தனை என்று தாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. கேட்டவர்களுக்கு மட்டும். நீலச் சட்டைக்காரனுக்கு டாக்டர் நூர்ஜஹான் ஊசி போட்டார் என்றும், நேரத்தில் பிடித்ததால் தப்பினான் என்றும் மல்லிகா யாரோ சொல்லக் கேட்டு வந்து சொன்னாள். சிகாமணியை மருத்துவக் காரணத்துக்காக நீக்கியிருப்பதாக மெசேஜ் வந்தது. அது அவருடைய போனுக்குத்தான் வந்தது. கேடயங்களை அம்சவேணி பழைய இரும்புக்காரனிடம் போட்டாள். கம்பெனி மேல் அவள் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் பட்டறையில் லீவு சொல்லிவிட்டுப் போகிறாள். வக்கீல்களைவிடச் சத்தமாகப் பேசுகிறாள் என்று நீதிபதி இரண்டு முறை கண்டித்திருக்கிறார்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, டிப்போவிலிருந்து அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இதில் எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆட்டோவில் ஏற்றப் பார்த்தாள். அவர் ஏறவில்லை, முன்சீட்டு எங்கே என்று தேடினார். பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிவந்தாள். வெயில் கொளுத்தியது. அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தாள். வாய் ஓயவில்லை. கம்பெனியைத் திட்டினாள், கூரியர்காரனைத் திட்டினாள், பஸ் வரவில்லை என்று போக்குவரத்துக் கழகத்தைத் திட்டினாள், இத்தனை நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்த தன்னையும் சேர்த்துத் திட்டினாள்.

சிகாமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, புதிதாக ஓர் ஆளிடம் பேச்சுக் கொடுக்கிற மாதிரி, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களுக்கு நெம்பக் கோவம் வருதுங்க."

அவள் திரும்பினாள்.

"எங்க வீட்டுலயும் இப்படித்தானுங்க. கோவம் வந்தா அந்தத் தெருவுக்கே கேக்கும். நான் ஒண்ணும் பேச மாட்டேன். அவ பேசி முடிக்கட்டும்னு சும்மா இருந்துக்குவேன்." தனக்குள் சிரித்துக்கொண்டார். "ஆனா பரவால்ல. நல்லவ."

எதிரே ஒரு லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது. அம்சவேணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, புழுதி போனபிறகும் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள்.

"அவங்க பேரென்னங்க?" என்று கேட்டாள்.

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"நாக்குலயே நிக்குதுங்க. வர மாட்டேங்குது" என்றார்.

"வராட்டிப் போகுது" என்றாள் அம்சவேணி, மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "அடுத்த பஸ்ஸுல போலாம். யோசிங்க."